பட்டத்துக்கு முன்னால் வாடகை, தேர்வு, விசா: எந்த நாட்டில் படிப்பது?

வெளிநாட்டில் படிக்கப் போகலாம் என்று முடிவெடுத்தவர் முதலில் திறந்து பார்ப்பது பெரும்பாலும் ஒரு தரவரிசைப் பட்டியலைத்தான். ஆயிரக்கணக்கான பல்கலைக்கழகங்களில் எங்காவது தொடங்கியாக வேண்டுமே, அதில் தவறில்லை. ஆனால் அந்தப் பட்டியல்கள் எதை அளக்கின்றன என்று தெரிந்துகொண்டு பார்த்தால் பாதி மயக்கம் தீரும்.

உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்திய முதல் பெரிய பட்டியலை 2003இல் ஷாங்காய் ஜியாவ் தோங் பல்கலைக்கழகம் வெளியிட்டது. சீனப் பல்கலைக்கழகங்கள் உலகின் முன்னணிப் பல்கலைக்கழகங்களைவிட எவ்வளவு பின்தங்கியிருக்கின்றன என்று கணக்குப் பார்ப்பதற்காகச் செய்த வேலை அது. எங்கே சேரலாம் என்று தேடும் மாணவர் அவர்கள் மனத்தில் இல்லவே இல்லை. அதன் மதிப்பெண்ணில் 30 சதவீதம், அங்கே படித்தவர்களும் பணிபுரிபவர்களும் வாங்கிய நோபல் பரிசுகளுக்கும், கணிதத்துக்குத் தரும் ஃபீல்ட்ஸ் பதக்கங்களுக்கும் போகிறது. இன்னொரு 20 சதவீதம் நேச்சர், சயின்ஸ் என்ற இரண்டே இதழ்களில் வெளியான கட்டுரைகளுக்கு. முதலாம் ஆண்டு வகுப்பில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், பேராசிரியர் கேள்விக்குப் பதில் சொல்வாரா, அறை கிடைக்குமா என்பதற்கெல்லாம் அந்தக் கணக்கில் இடமே கிடையாது.

அடுத்த ஆண்டு பிரிட்டனிலிருந்து இன்னொரு பட்டியல் வந்தது. டைம்ஸ் உயர்கல்வி இதழும் கியூஎஸ் நிறுவனமும் சேர்ந்து வெளியிட்டு, 2009க்குப் பிறகு பிரிந்து, இப்போது ஆளுக்கொன்று போடுகின்றன. கியூஎஸ் பட்டியலில் நீண்ட காலம் 40 சதவீதம் மதிப்பெண், கல்வியாளர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்புக்கே போனது. 2024 பதிப்பில் அதை 30 ஆகக் குறைத்தார்கள், ஆசிரியர்-மாணவர் விகிதத்துக்கு இருந்த 20 சதவீதத்தையும் பாதியாக்கினார்கள். அளவுகோலை மாற்றியதும் பல பல்கலைக்கழகங்கள் சட்டென்று ஏறின, பல இறங்கின. அவற்றின் வகுப்பறைகளில் ஒரே ஆண்டில் பெரிதாக எதுவும் மாறியிருக்காது. முனைவர் பட்டத்துக்குப் போகிறவருக்கு இந்தப் பட்டியல்கள் ஓரளவு உதவும். அவருக்கும்கூட, யார் வழிகாட்டப் போகிறார் என்பதுதான் பெரிய கேள்வி.

இளநிலைக்கோ முதுநிலைக்கோ போகிறவரின் அன்றாட வாழ்க்கையைப் பல்கலைக்கழகத்தின் பெயரைவிட அந்த நாட்டின் விதிகளே அதிகம் தீர்மானிக்கின்றன என்பது என் கருத்து. தேர்வை எத்தனை முறை எழுதலாம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம், படிப்பு முடிந்தபின் எத்தனை மாதம் தங்கலாம் என்பதையெல்லாம் ஒப்பிட்டுத் தர எந்தத் தரவரிசையும் முயல்வதில்லை.

முதலில் தேர்வு. இதைப் பற்றித்தான் ஆட்கள் மிகக் குறைவாக விசாரிக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஒரு பாடத்தின் மதிப்பெண் செமஸ்டர் முழுக்கப் பரவிக் கிடக்கும். வாராவாரம் வீட்டுப்பாடம், திடீர்த் தேர்வுகள், இடைத்தேர்வு, குழுவாகச் செய்யும் பிராஜெக்ட், கடைசியில் இறுதித் தேர்வு. ஒன்றில் சறுக்கினாலும் இன்னொன்றில் பிடித்துவிடலாம், ஆனால் ஒரு வாரம்கூட நிம்மதியாக மூச்சு விட முடியாது. இதோடு விசாவும் முடிச்சுப் போட்டிருக்கிறது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கும் இளநிலை மாணவர் செமஸ்டருக்குப் பொதுவாகக் குறைந்தது 12 கிரெடிட் (பாடச்சுமையை அளக்கும் அலகு) படித்தாக வேண்டும். பாடம் கடினமாக இருக்கிறதே என்று முன் அனுமதி வாங்காமல் ஒன்றைக் கைவிட்டு அந்த எண்ணுக்குக் கீழே போனால், சிக்கல் மதிப்பெண்ணோடு நிற்காது, நாட்டில் தங்கும் உரிமையையே தொடும். உள்ளூர் வகுப்புத் தோழர் சர்வசாதாரணமாகச் செய்யும் ஒரு காரியம், வெளிநாட்டு மாணவருக்கு விதிமீறல் ஆகிவிடுகிறது.

ஜெர்மனியில் கதை நேர்மாறு. பல பாடங்களில் செமஸ்டர் முழுக்க யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். வகுப்புக்கு வந்தீர்களா என்றுகூடப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. கடைசியில் ஒரே ஒரு தேர்வு, மதிப்பெண் முழுவதும் அதில்தான். சுதந்திரம் என்று தோன்றும், சரி. ஆனால் ஒரு கட்டாயப் பாடத்தின் தேர்வை எழுத வழக்கமாக மூன்று வாய்ப்புகள்தான் தருவார்கள். மூன்றிலும் தோற்றால் அந்தப் படிப்பிலிருந்து வெளியேற்றம். பல்கலைக்கழகம் மாறி அதே படிப்பில் சேரலாமா என்றால் அதுவும் முடியாது, ஜெர்மனி முழுவதும் அந்தப் படிப்புக்குக் கதவு அடைத்துவிடும். பள்ளியில் ஆசிரியர் பின்னாலேயே நின்று படிக்கவைத்த பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு, யாரும் துரத்தாத அந்த முதல் செமஸ்டர்தான் மிக ஆபத்தானது. அங்கே மதிப்பெண் 1.0 என்றால் உச்சம், 4.0 என்றால் தப்பித்தோம் என்பதும் பழகச் சில மாதம் ஆகும்.

நெதர்லாந்தில் முதலாம் ஆண்டிலேயே வடிகட்டல் உண்டு. ஆண்டுக்கு உரிய 60 கிரெடிட்டில் பல்கலைக்கழகம் குறித்திருக்கும் அளவை எட்டாத இளநிலை மாணவர் அந்தப் படிப்பைத் தொடர முடியாது. ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வந்தவர் என்றால் கூடுதலாக ஒன்று: ஒவ்வோர் ஆண்டும் பாதி கிரெடிட்டாவது எடுக்காவிட்டால் பல்கலைக்கழகம் குடியேற்றத் துறைக்குச் சொல்லிவிடும். ஸ்வீடனில் பல படிப்புகளில் நான்கைந்து பாடங்களை ஒரே நேரத்தில் தலையில் கட்ட மாட்டார்கள், ஒன்றை முடித்துத் தேர்வெழுதிய பிறகே அடுத்தது தொடங்கும். இத்தாலியில் வாய்மொழித் தேர்வு இன்றும் பெருவழக்கு. பேராசிரியர் எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும், 30க்கு 18 எடுத்தால் தேர்ச்சி. தந்த மதிப்பெண் பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று மறுத்துவிட்டு அடுத்த முறை வந்து எழுதும் வழக்கமும் அங்கே உண்டு. எழுத்தில் கெட்டியாகவும் பேச்சில் கூச்சமாகவும் இருப்பவர் இத்தாலிக்குப் போகும் முன் இதை யோசிக்க வேண்டும்.

பிரிட்டனில் 70 வாங்கினாலே முதல் வகுப்பு. 68 வாங்கிவிட்டு அழுதபடி வீட்டுக்குப் போன் செய்யும் புது மாணவர்கள் எல்லா ஆண்டும் இருப்பார்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியது அங்குள்ள முதுநிலைப் படிப்பின் வேகம். ஓராண்டில் முடிகிறது என்பதுதான் அதன் கவர்ச்சி. செப்டம்பர் கடைசியில் போய் இறங்குகிறீர்கள். பெரிய நிறுவனங்கள் புதுப் பட்டதாரிகளை எடுக்கும் விண்ணப்பக் காலமும் ஏறக்குறைய அப்போதே ஓடிக்கொண்டிருக்கும். நூலக அட்டை வாங்குவதற்குள் வேலைக்கு விண்ணப்பம் போடத் தொடங்கியிருக்க வேண்டும். முதல் செமஸ்டரை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று இருந்தவர்களுக்கு அந்த ஆண்டின் பெரிய கதவுகளில் பல மூடியிருக்கும்.

இந்த வித்தியாசங்களுக்கு நடுவே ஐரோப்பாவில் ஒரு பொதுச் சட்டகம் இருப்பது உண்மைதான். 1999இல் 29 நாடுகள் இத்தாலியின் போலோஞ்ஞா நகரில் கையெழுத்திட்ட பிரகடனத்திலிருந்து, இளநிலை, முதுநிலை என்ற படிநிலையும், முழுநேரப் படிப்பு என்றால் ஆண்டுக்கு 60 கிரெடிட் என்ற கணக்கும் பரவலாயின. இந்த ஐரோப்பியக் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. பெருக்கிப் பார்த்தால் ஆண்டுக்கு 1,500 மணி நேரத்துக்குக் குறையாது. பகுதிநேர வேலையை நம்பிப் போகிறவர்கள் இந்த எண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும்.

அப்புறம் பணம். இலவசக் கல்வி தரும் நாடு என்ற பேச்சை நம்பும் முன், அது யாருக்கு இலவசம், எந்த ஆண்டு வரை இலவசம் என்று பார்க்க வேண்டும். பிரிட்டன் 1980இலேயே வெளிநாட்டு மாணவரிடம் முழுச் செலவையும் கட்டணமாக வாங்கத் தொடங்கிவிட்டது. டென்மார்க் 2006இல், ஸ்வீடன் 2011இல், பின்லாந்து 2017இல், நார்வே 2023இல் என்று ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கு வட நாடுகள் ஒவ்வொன்றாகக் கட்டணம் விதித்தன. ஸ்வீடனில் கட்டணம் வந்த ஆண்டே அப்படி வரும் மாணவர் கூட்டம் மளமளவென்று சரிந்தது. ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை இன்னும் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2017இல் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கு மட்டும் செமஸ்டருக்கு 1,500 யூரோ கேட்கத் தொடங்கியது, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலச் செமஸ்டரிலிருந்து கேட்கிறது. திசை எந்தப் பக்கம் போகிறது என்பது தெளிவு.

கட்டணம் இல்லாத இடத்திலும் கையில் காசு வேண்டும். ஜெர்மன் விசாவுக்கு முடக்கக் கணக்கு ஒன்றில் ஓராண்டுச் செலவைப் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. அந்தப் பணம் உங்களுடையதுதான், ஆனால் மாதம் 992 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாது. இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வாடகை வீட்டுக்கு முன்பணமாக மூன்று மாத வாடகை வரை கேட்க ஜெர்மன் சட்டம் வீட்டுக்காரருக்கு இடம் தருகிறது. முன்பணம், முதல் வாடகை, காப்பீடு எல்லாம் முதல் மாதத்திலேயே வந்து நிற்கும், கணக்கிலிருந்து வருவது 992தான். ஆகவே முடக்கக் கணக்குக்கு வெளியே தனியாக ஒரு தொகை இல்லாமல் கிளம்பக் கூடாது.

வேலை பார்த்துச் சமாளிக்கலாம் என்ற நம்பிக்கை எல்லோருக்கும் உண்டு. பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவருக்குப் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம், சுயதொழில் கூடாது. உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் செயலிகளில் பலவற்றில் ஓட்டுபவரைச் சுயதொழில் செய்பவராகவே கணக்கிடுவதால், எளிதாகக் கிடைக்கும் அந்த வேலை இவர்களுக்குச் சட்டவிரோதம். அமெரிக்காவில் முதல் ஆண்டு வளாகத்துக்கு வெளியே வேலையே கிடையாது, உள்ளேயும் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான். ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலையிலிருந்து இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம், கனடாவில் 2024 நவம்பரிலிருந்து வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரம். ஜெர்மனி ஆண்டுக்கு 140 முழு நாட்கள் என்று கணக்கிடுகிறது, அதிலும் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே உதவியாளராகப் பார்க்கும் வேலை அந்த 140இல் சேராது. அதனால்தான் அந்த உதவியாளர் இடங்களுக்கு அங்கே அவ்வளவு போட்டி. எப்படிப் பார்த்தாலும், அனுமதித்த மணி நேரத்தில் வரும் பணம் சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் உதவும். ஆங்கில நாடுகள் கேட்கும் கல்விக் கட்டணத்தை அதிலிருந்து கட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அறை கிடைப்பது தனிப் போராட்டம். ஆம்ஸ்டர்டாம் போன்ற நகரங்களில், தங்க இடம் உறுதியாகாவிட்டால் கிளம்பி வராதீர்கள் என்று பல்கலைக்கழகங்களே வெளிப்படையாகச் சொல்லும் அளவுக்குப் போனது. பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் முதலாம் ஆண்டு மாணவருக்கு விடுதி உறுதி தருகின்றன, அடுத்த ஆண்டு வெளியே தேடும்போது உள்ளூரில் ஜாமீன் நிற்க ஓர் ஆள் கேட்பார்கள். வெளிநாட்டு மாணவர் அந்த ஆளுக்கு எங்கே போவார்? நேரில் பார்க்காத அறைக்கு முன்பணம் அனுப்பி ஏமாறுவதும் பெரும்பாலும் இந்தத் தவிப்பில்தான்.

இது புதிய சிக்கலும் இல்லை. 12ஆம் நூற்றாண்டில் போலோஞ்ஞாவுக்குச் சட்டம் படிக்க வந்த வெளியூர் மாணவர்களுக்கு அந்த நகரின் குடியுரிமைப் பாதுகாப்பு கிடையாது. வெளியூர்க்காரர் ஒருவர் கடனை அடைக்காவிட்டால், அதே ஊரிலிருந்து வந்த மாணவரைப் பிடித்து வசூலிப்பார்களாம். பேரரசர் பிரெடரிக் பார்பரோசா அந்த நூற்றாண்டின் நடுவில் பிறப்பித்த ஆணை ஒன்று இதற்குத் தடை போட்டது. மாணவர்களும் ஊர்வாரியாகச் சங்கம் சேர்ந்து வீட்டு வாடகைக்கு நகரத்தாரோடு பேரம் பேசினார்கள், பேராசிரியர் நேரத்துக்கு வராவிட்டால் அபராதமும் போட்டார்கள். அந்தச் சங்கங்களிலிருந்துதான் பல்கலைக்கழகம் என்ற அமைப்பே அங்கே உருவானது. உப்சாலா, லுண்ட் போன்ற ஸ்வீடன் நகரங்களில் அதே மரபில் வந்த மாணவர் சங்கங்கள் இன்றும் விருந்து, நூலகம், தங்குமிடம் என்று இயங்குகின்றன. புதிதாக வருகிறவருக்கு அவை கிடைப்பது பெரிய வசதி.

எல்லா ஊரிலும் அப்படி வாய்க்காது. அமெரிக்க, பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் வளாகமே ஒரு சின்ன ஊர். விளையாட்டுக் குழு, நாடகக் குழு என்று ஏதாவது ஒன்றில் ஒட்டிக்கொள்ளலாம். ஐரோப்பாவின் பல பல்கலைக்கழகங்களோ நகரத்துக்குள் சிதறிக் கிடக்கும் கட்டடங்கள்தான், வகுப்பு முடிந்ததும் ஆளாளுக்குப் போய்விடுவார்கள். பெல்ஜியத்தின் லூவன் நகரம் வாரநாட்களில் மாணவர் வெள்ளமாக இருக்கும். வெள்ளி மாலை பெட்டியை இழுத்துக்கொண்டு பாதிப் பேர் பெற்றோர் வீட்டுக்கு ரயில் ஏறுவார்கள். வெளிநாட்டு மாணவருக்கு சனியும் ஞாயிறும் நீளமாகத் தெரிவது அப்போதுதான். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது என்பதை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் இதுவும் கூடச் சேரும்: வீட்டுக்காரர், மருத்துவமனை வரவேற்பு, பகுதிநேர வேலை எல்லாம் ஊர் மொழியில் இருக்கும். முதல் செமஸ்டரிலேயே அந்த மொழியின் வகுப்பில் சேர்ந்தவருக்கும் சேராதவருக்கும் இரண்டாம் ஆண்டில் வாழ்க்கையே வேறு மாதிரி இருக்கும்.

படிப்பு முடிந்தபின் தங்கி வேலை தேடலாமா என்பதைப் பொறுத்துத்தான் பலர் நாட்டையே முடிவு செய்கிறார்கள். ஆனால் இதுதான் அடிக்கடி மாறும் விதி. பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 2009இல் மூன்றாண்டு இளநிலையில் சேர்ந்தவர், முடித்தபின் இரண்டாண்டு தங்கி வேலை பார்க்கலாம் என்று கணக்குப் போட்டிருப்பார். 2012 ஏப்ரலில், அவர் பட்டம் வாங்க இரண்டு மூன்று மாதங்களே இருக்கும்போது, அந்த வழியை மூடினார்கள். 2021 ஜூலையில் அதே இரண்டாண்டை வேறு பெயரில் திரும்பத் திறந்தார்கள். 2025 மே மாதத்து அரசின் வெள்ளை அறிக்கை அதை 18 மாதமாகக் குறைக்கச் சொன்னது. கனடா நீண்ட காலம் கதவை அகலத் திறந்து வைத்திருந்தது. 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு போட்டது, வங்கியில் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவை 10,000 கனடா டாலரிலிருந்து 20,635 ஆக்கியது, படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதியையும் சில வகைக் கல்லூரிகளுக்கு நிறுத்தியது.

அமெரிக்காவில் படிப்பு முடிந்து 12 மாதம் வேலை பார்க்கலாம். அறிவியல், பொறியியல், கணிதப் படிப்பு என்றால் 2016 விதிப்படி மேலும் 24 மாதம். அதற்குப் பிறகு எச்-1பி என்ற வேலை விசாதான் வழக்கமான வழி. ஆண்டுக்கு 65,000 விசா, அமெரிக்க முதுநிலைப் பட்டம் உள்ளவருக்குக் கூடுதலாக 20,000. கேட்பவர் கூட்டம் அதைவிடப் பல மடங்கு என்பதால் குலுக்கல் வைத்தார்கள். நாட்டுக்கு வெளியே இருப்பவருக்காகப் போடும் புதிய மனுவுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் அறிவிப்பு வேறு வந்தது. நான்காண்டுப் படிப்புக்குச் சேர்கிறவர் இன்றைய விதியைப் பார்த்துச் சேர்ந்து, நான்காண்டு கழித்து இருக்கும் விதியோடுதான் வாழப் போகிறார். பெரிய கடன் வாங்கிப் போகிறவர், அந்த நாட்டில் வேலை கிடைக்காமல் உடனே திரும்ப நேர்ந்தாலும் கடனைக் கட்ட முடியுமா என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். முடியாது என்றால் கட்டணம் குறைந்த நாடு, அல்லது சின்ன ஊர்ப் பல்கலைக்கழகம். பெயர் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

திரும்பி வருகிறவருக்கும் வேறு நாட்டுக்கு நகர்கிறவருக்கும் பட்டம் செல்லுபடியாகுமா என்பது துறையைப் பொறுத்தது. பொறியியல் இளநிலைக்கு, ஒரு நாடு அங்கீகரித்த படிப்பை மற்ற நாடுகளும் ஏற்பதற்காக 1989இல் ஆறு நாடுகள் தொடங்கிய வாஷிங்டன் உடன்படிக்கை இருக்கிறது, பிறகு வேறு பல நாடுகளும் சேர்ந்தன. ஆனால் பல்கலைக்கழகத்தின் பெயர் அதற்குப் போதாது, குறிப்பிட்ட அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இருக்க வேண்டும். மருத்துவம் என்றால் எங்கே தொழில் செய்யப் போகிறீர்களோ அந்த நாட்டின் உரிமத் தேர்வு, சட்டம் என்றால் ஏறக்குறைய முதலிலிருந்து.

இவ்வளவையும் கல்வி ஆலோசகர் சொல்ல மாட்டாரா? சிலர் சொல்வார்கள். ஆனால் அவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும், மாணவர் சேர்ந்ததும் முதல் ஆண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கைப் பல்கலைக்கழகம் அவருக்குத் தருகிறது. அமெரிக்காவில் உள்நாட்டு மாணவரைச் சேர்க்கத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் தருவதற்குச் சட்டத் தடை உண்டு, வெளிநாட்டு மாணவருக்கு அந்தத் தடை விலக்கப்பட்டிருக்கிறது. கட்டணமே வாங்காத ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகம் ஆலோசகரின் சுவரில் ஏன் தென்படுவதில்லை என்பதற்கும் காரணம் இதுதான், பங்கு தர அதனிடம் எதுவும் இல்லை.

அதைவிட உருப்படியாகச் சொல்லக்கூடியவர், அதே படிப்பில் இப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கும் மாணவர். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். எந்த மாதம் அறை கிடைத்தது, முதல் செமஸ்டரில் எந்தப் பாடத்தில் பாதிப் பேர் தோற்றார்கள், போன ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். தேர்வு விதிமுறையோ பெரும்பாலும் துறையின் இணையப் பக்கத்திலேயே கிடக்கும். ஊர் மொழியில் இருந்தால் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டாவது படித்துவிடலாம். எத்தனை வாய்ப்பு, தேர்வுக்கு எப்போது பதிவு செய்ய வேண்டும், முதல் ஆண்டில் எவ்வளவு கிரெடிட் எடுத்தாக வேண்டும் என்பதையெல்லாம் அதில் எழுதியிருப்பார்கள்.